இடைத்தரகர் இல்லாத கார்

எனக்கு ஆணையத்தின் மேல் எந்தப் பகையும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் - கியர்பாக்ஸ் பொருத்த ஆணையத்தின் வாசலில், வேலியை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, இரண்டு தெர்மோஸில் காப்பி விற்பவள் நான். பெயர் சோய்லா. உள்ளே வேலை எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ, வெளியே என் வியாபாரம் அவ்வளவு வேகமாக நடக்கும். ஆணையம் ஒரு நாள் சுறுசுறுப்பாக இயங்கினால் அன்று என் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படி ஒரு நாள் இதுவரை வந்ததில்லை. அதற்காக நான் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டவள்.

எங்கள் காமகுவே நகரத்தில் ஓடும் கார்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் ஆணையத்தின் அருமை புரியும். வெளியே பார்த்தால் எல்லாம் எங்கள் அப்பாக்கள் காலத்து அமெரிக்கக் கார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே வேறு கதை. எஞ்சின் ஒரு டிராக்டரிலிருந்து வந்திருக்கும், இல்லாவிட்டால் ரொட்டி வண்டியிலிருந்து, அதுவும் கிடைக்காதவனுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பிலிருந்து. கியர்பாக்ஸ் பெரும்பாலும் ரஷ்யாக்காரனின் வோல்கா காரிலிருந்து. இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று அவற்றைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். எஞ்சினில் போல்ட் ஓட்டைகள் ஒரு கணக்கில் இருக்கும், கியர்பாக்ஸில் வேறு கணக்கில் இருக்கும். அதனால் நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு வைப்போம். ஒரு முகத்தில் எஞ்சினுக்கான ஓட்டைகள், மறு முகத்தில் கியர்பாக்ஸுக்கான ஓட்டைகள். இந்த நகரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது அந்தத் தகடுதான்.

ஒனேலியோவின் பச்சை செவ்ரோலெட்டிலும் அப்படி ஒரு தகடு இருந்தது. மூடிப்போன சர்க்கரை ஆலையின் கொதிகலன் மூடியிலிருந்து வெட்டியது. ரொட்டி வண்டியின் டீசல் எஞ்சினையும் வோல்காவின் கியர்பாக்ஸையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. கியர்பாக்ஸின் தண்டு எஞ்சினின் நட்டநடுவில் போய் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் மூன்றாவது கியரில் பெட்டி ஓலமிடும். ஒனேலியோவின் கார் ஓலமிட்டு நான் கேட்டதில்லை. அவன் எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். பங்கு டாக்ஸி ஓட்டுகிறவன். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்புகிறவன். இந்தக் குணத்தோடு ஒருவன் அரசு அலுவலகத்துக்குள் போகக் கூடாது.

அவன் மனைவி ஒடாலிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் காலையில் நகரத்தின் மறுமுனையிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போனால் உயிரோடு இருப்பாள், போகாவிட்டால் இருக்க மாட்டாள். இவ்வளவு எளிமையான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த மூன்று நாளும் பச்சைக் கார் அவளுடையது. மற்ற நாட்களில் ஊருக்கு.

இப்படி இருக்கும்போதுதான் தலைநகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் ஏறிய டாக்ஸி, மேடு ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. அவர் இறங்கித் தள்ளினாராம். அடுத்த மாதமே எங்கள் ஊரில் ஆணையம் திறந்தார்கள்.

தலைவராக வந்தவர் பொறியாளர் பெலார்மினோ. இதற்கு முன் ஐஸ்கிரீம் விநியோகத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் காலத்தில் நகரம் முழுக்க ஒரே ஒரு சுவைதான் கிடைத்தது, ஆகவே எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை என்று நல்ல பெயர். தினமும் காலையில் என்னிடம் வந்து நின்று ஒரு கோப்பை காப்பி குடிப்பார். காசு கொடுக்க மாட்டார். அது அவருடைய நேர்மை. அரசு ஊழியர் தெருவோர வியாபாரியிடம் பணப் பரிமாற்றம் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

ஆணையத்தில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் எஞ்சினைக் காட்ட வேண்டும், கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டாவது ஜன்னலில் கியர்பாக்ஸைக் காட்ட வேண்டும், எஞ்சின் ஒட்டியிருக்கக் கூடாது. மூன்றாவது ஜன்னலில் இரண்டும் பொருந்தியிருப்பதைக் காட்ட வேண்டும், அங்கே கார் தானாக ஓடி வர வேண்டும். மூன்றையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும்.

ஒனேலியோ வந்த அன்று வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. எங்கள் வழக்கப்படி "கடைசி யாரு?" என்று கேட்டான். ஒரு கை எழுந்தது. அந்தக் கைக்குப் பின்னால் போய் நின்றான். முறை வந்ததும் முதல் ஜன்னலில் இருந்த யுஸ்மாரி, நகத்துக்குச் சாயம் பூசியபடி எட்டிப் பார்த்தாள்.

"எஞ்சின் எங்க?"

"கார்ல இருக்கு மகளே."

"கார்ல இருந்தா அது எஞ்சின் இல்ல, கார். எனக்கு எஞ்சின் வேணும். இந்த மேசை மேல."

"மேசை தாங்குமா?"

"மேசை தாங்குமாங்கிறது பர்னிச்சர் பிரிவு. நீங்க கொண்டாங்க."

ஒனேலியோ அதிலும் ஒரு நியாயத்தைக் கண்டான். முற்றத்தின் மாமரத்தில் சங்கிலி கட்டி, வரிசையில் நின்ற நாலு பேரைக் கூட்டி எஞ்சினை இறக்கினான். மேசை தாங்கவில்லை. யுஸ்மாரி உடைந்த மேசையின் மேல் கிடந்த எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்து, "எஞ்சின் உள்ளது" என்று முத்திரை குத்தினாள். இரண்டாவது ஜன்னலிலும் அவளேதான் இருந்தாள். அங்கே போய் உட்கார்ந்து, அவனை முதல் தடவை பார்ப்பவள் போல "ம், சொல்லுங்க, என்ன வேணும்?" என்றாள்.

மூன்றாவது ஜன்னலுக்கு அவன் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் காரை ஓட்டிக்கொண்டு போனபோது பொறியாளர் பெலார்மினோவே எழுந்து வெளியே வந்தார். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"தோழரே, இது என்ன?"

"தகடுங்க. ரெண்டையும் இணைக்கறதுக்கு."

"அதாவது இது எஞ்சினும் இல்ல, கியர்பாக்ஸும் இல்ல."

"இல்லைங்க."

"எதையும் உற்பத்தி பண்ணல. எதையும் சுத்தல. சும்மா நடுவுல உக்காந்திருக்கு."

"ஆமாங்க. ஆனா அது இல்லாட்டி..."

பெலார்மினோ வரிசையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டால் ஒலிபெருக்கி தேவையில்லை.

"தோழர்களே, பாருங்க! இதுக்கு நம்ம வரலாற்றுல ஒரு பேர் இருக்கு. இடைத்தரகர்! விவசாயிக்கும் மக்களுக்கும் நடுவுல உக்காந்து கொழுத்தானே, அவனை நாம ஒழிச்சோம். அதனால சந்தையில இப்ப வெங்காயம் இருக்கா? இல்ல. ஆனா இடைத்தரகனும் இல்ல! அதுதான் வெற்றி. வீதியில ஒழிச்சவனை மூடிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்களே, வெட்கமா இல்ல? எஞ்சினும் கியர்பாக்ஸும் நேருக்கு நேரா கைகுலுக்கணும். ஓட்டைக்கு ஓட்டை, போல்ட்டுக்கு போல்ட். அதுக்குப் பேர்தான் பொருத்தம்!"

வரிசை கைதட்டியது. கைதட்டினால் சீக்கிரம் முடியும் என்று எங்களுக்கு அனுபவம். ஆனால் அன்று மாலைக்குள் வரிசையில் இருந்த எல்லாக் காரையும் முற்றத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் தகடு இருந்தது. மறு வாரம் நகரத்தின் சவ வண்டியும் உள்ளே போயிற்று. அதிலும் தகடு.

ஒனேலியோ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பொறியாளரே, புதன்கிழமை என் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அதுக்கு மட்டும் காரைக் குடுங்க, திரும்பக் கொண்டாந்து நிறுத்திடறேன்."

"அழுகாதீங்க. ஆணையம் பிடுங்கறதுக்கு மட்டும் இல்ல, குடுக்கறதுக்கும்தான்" என்றார் அவர். "உங்க கியர்பாக்ஸுக்கு நேரடியாப் பொருந்தற எஞ்சின் நம்ம கிடங்குல இருக்கு. பொருத்தத்துக்கு முன்மாதிரியா உங்க காரையே அறிவிக்கறேன். பழைய எஞ்சினை மட்டும் எங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க."

பழைய எஞ்சின் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் ஆணையத்தின் ஜீப் மேடுகளில் மிக அழகாக ஏறத் தொடங்கியது. அதன் மூடிக்கு அடியில் சர்க்கரை ஆலையின் கொதிகலன் இரும்பு தெரிகிறதே என்று வரிசையில் ஒருவன் கேட்டுவிட்டான். "அது இடைத்தரகர் இல்ல. அரசு வண்டில இருந்தா அதுக்குப் பேர் ஒருங்கிணைப்பாளர்" என்று யுஸ்மாரி விளக்கினாள்.

கிடங்கிலிருந்து வந்தது ஒரு படகு எஞ்சின். மீன்பிடித் துறையில் உடைத்துப் போட்ட பெரிய படகு ஒன்றிலிருந்து கழற்றியது. போல்ட் ஓட்டைகளை எண்ணினார்கள், கியர்பாக்ஸின் ஓட்டைகளோடு சரியாக இருந்தது. அளந்தார்கள், அதுவும் சரி. தண்டும் போய் உட்கார்ந்தது. ஆணையத்தில் அன்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்காத கேள்வி ஒன்றுதான். அது எந்தப் பக்கம் சுற்றும்?

இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றும். அப்போதுதான் படகு நேராகப் போகும். துறைமுகத்தில் மீன் குடல் கழுவுகிறவனுக்கும் தெரிந்த சங்கதி. எங்களுக்கு வந்து சேர்ந்தது தப்பான பக்கத்து எஞ்சின்.

விழா வைத்தார்கள். பந்தல், கொடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாட்டு, காரின் மூக்கில் ரிப்பன். ஒடாலிஸ் தன் நீலப் பூப்போட்ட உடையைப் போட்டுக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு வாரம் சைக்கிள் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். கல் தெருக்களின் குலுக்கலில், திரும்பும்போதெல்லாம் ஊசி குத்திய கையிலிருந்து ரத்தம் கசிந்து கட்டுத்துணி நனைந்துவிடும். முகம் ஊதியிருந்தது, வாய்த்துடுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"சோய்லா, இந்தக் காருக்கு நடக்கிற அலங்காரம் என் கல்யாணத்துக்கு நடக்கல" என்றாள்.

"உன் புருஷனுக்கு அன்னிக்கு நேரடிப் பொருத்தம் பார்த்தாங்களா?"

"பார்த்திருந்தா அவனை முற்றத்துல நிறுத்தி வச்சிருப்பாங்க."

பெலார்மினோ ரிப்பனை வெட்டினார். ஒனேலியோ முதல் கியரைப் போட்டு மெதுவாகக் கிளட்ச்சை விட்டான். கார் பின்னால் போயிற்று. பூந்தொட்டிகள் இரண்டு உடைந்தன. "தோழரே, கியரை மாத்துங்க!" என்று மைக்கில் சிரித்தார் பெலார்மினோ. மாற்றினான். இரண்டாவது கியரில் இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். கடைசியில், வேர்த்து விறுவிறுத்து, ரிவர்ஸைப் போட்டான். கார் முன்னால் வந்தது, என் நடையைவிட மெதுவாக. நாலு கியர் பின்னால் போக, ஒரு கியர் முன்னால் வர. இதுதான் முன்மாதிரி.

வரிசையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"யோவ், பின் அச்சைக் கழட்டித் தலைகீழாப் போடுய்யா! சக்கரம் மறுபக்கமா சுத்தும், சரியாப் போயிடும்!"

"அரை நாள் வேலை, ஒனேலியோ! நான் ஜாக்கி தரேன்!"

பெலார்மினோ கையை உயர்த்தினார். பின் அச்சு காரோடு பிறந்தது, அசல். அசல் உறுப்புகள் தேசத்தின் பாரம்பரியச் சொத்து. அவை கலாச்சாரத் துறையைச் சேர்ந்தவை, அவற்றில் கை வைக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை. சொல்லிவிட்டு அச்சுக்கு ஈயத்தில் ஒரு முத்திரையும் வைக்கச் சொன்னார். முத்திரை உடைந்தால் கார் பறிமுதல்.

மறுநாள் ஆணையம் கூடியது. கதவு திறந்திருந்ததால் நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

"பொருத்தம்னா எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இருக்கற உறவு. அதுல ஒரு குறையும் இல்ல, நூத்துக்கு நூறு" என்றார் பெலார்மினோ. "காருக்கும் சாலைக்கும் இருக்கற உறவு நம்ம அதிகாரத்துக்குக் கீழ வராது."

ஒனேலியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "ஆனா பொறியாளரே, கார் பின்னாடி போகுதே."

"பின்னாடின்னு யார் சொன்னது?"

"முன்பக்கம் இங்க இருக்குதுங்களே. விளக்கு இருக்கு, மூக்கு இருக்கு..."

"தோழரே, நாலு கியர் ஒரு பக்கம் போகுது. ஒரு கியர்தான் மறுபக்கம் போகுது. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுதான் முன்பக்கம். ஒரு சிறுபான்மை கியருக்காக நாம கொள்கையை மாத்திக்க முடியுமா?"

ஒருமனதாக நிறைவேறியது. வெள்ளை விளக்குகளைக் கழற்றி டிக்கிப் பக்கம் வைத்தார்கள், சிவப்பு விளக்குகளை மூக்கில் வைத்தார்கள். எண் பலகையையும் மாற்றினார்கள். காரை ஒனேலியோவிடம் கொடுத்து, பயணிகளை ஏற்றும் அனுமதி மட்டும் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பயணிகள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது விதிகளில் இல்லையாம்.

ஆணையம் வாழ்க. ஒனேலியோ கழுத்தை முறுக்கிக்கொண்டு, பின்கண்ணாடி வழியே பார்த்தபடி, மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். நகரமே நின்று பார்த்தது. ஒடாலிஸ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, விலகிப் போகும் தெருவைப் பார்த்தபடி எல்லோருக்கும் கை காட்டினாள். போகும்போது சமாளித்துவிடுவாள். சுத்தம் செய்த பிறகு உடம்பில் சத்தே இருக்காது. அப்போது பின்னோக்கிப் போனால் குடலைப் புரட்டிவிடும். மடியில் ஒரு அலுமினிய வாளியோடு திரும்புவாள்.

ஒரு மாலை நான் பட்டாணிப் பொடி கலக்காத நல்ல காப்பி கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அவளுக்கு இரண்டு வாய்க்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. அந்த இரண்டு வாயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"வந்த வழியையே பார்த்துட்டுப் போறேன் சோய்லா. போற இடம் தெரிய மாட்டேங்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரா முன்னாடி பார்த்துப் போகணும்."

ஒனேலியோ கழுத்தில் சூடான துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவனைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, ஊரே சொல்லுது அச்சைத் திருப்பிப் போடுன்னு. அந்த ஈயத்தை உடைச்சு எறியேன்!"

"உடைச்சா காரை எடுத்துக்குவாங்க சோய்லா. அப்புறம் இவளை எதுல கொண்டு போவேன்? ஊர்ல வேற எந்தக் காரும் வெளிய இல்ல." கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு சொன்னான்: "பொறியாளர் பார்த்துட்டிருக்கேன்னு சொல்லியிருக்காரு. மனுஷன் கெட்டவர் இல்ல."

நான் அன்று கோபத்தோடு எழுந்து வந்துவிட்டேன். இப்படிப்பட்ட நல்லவர்கள் இல்லாவிட்டால் அந்த மூன்று ஜன்னலும் ஒரு மாதம் திறந்திருக்க முடியாது.

அடுத்த அடி போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது. பெரிய சாலைகளில் பின்னோக்கி ஓட்டுவது குற்றம் என்று ஒரு காவலர் அவனை நிறுத்தினார். ஒனேலியோ ஆணையத்தின் தீர்மானத்தைக் காட்டினான். இது பின்னால் இல்லை, முன்னால் என்று பணிவாக விளக்கினான். காவலர் படித்தார், காரைச் சுற்றி வந்தார். "எங்க துறையில இன்னும் பழைய முன்பக்கம்தான்" என்றார். இரண்டு துறைகளுக்கும் கூட்டுக்குழு அமைத்தார்கள். முன்பக்கம் எது என்று முடிவாகும் வரை, இரண்டு துறைகளுக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரே கியரில் மட்டும் ஓட்டலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. அதாவது ரிவர்ஸ் கியரில். அதாவது முன்னால், நடை வேகத்தில்.

அந்த எஞ்சினுக்கு அந்த வேகம் ஆகாது. நகரத்தைக் கடப்பதற்குள் நாலு தடவை சூடேறி நிற்கும். ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். சைக்கிள் டாக்ஸியின் குலுக்கலை அவள் உடம்பு இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். கோழி கூவுவதற்கு முன்பே கிளம்புவார்கள். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நடந்தே அவர்களைத் தாண்டிப் போவார்கள். ஒடாலிஸ் ஜன்னல் வழியே அவர்களோடு பேசிக்கொண்டே வருவாளாம். அப்படியும் சில நாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவளுடைய முறை தாண்டிவிடும். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. இயந்திரம் காத்திருக்காது, வெளியே இன்னொரு உடம்பு படுத்துக் கிடக்கும். அவளை அரைகுறையாகச் சுத்தம் செய்து அனுப்புவார்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் அதே கார், அதே கியர்.

கூட்டுக்குழு நன்றாகவே வேலை செய்தது. முன்பக்கம் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். அன்று நான் நாலு தெர்மோஸ் விற்றேன். நடுவில் ஒனேலியோ வந்து மூன்றாவது ஜன்னலில் நின்றான். பெலார்மினோ அவன் தோளில் கை போட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்.

"உங்க மனைவி எப்படி இருக்காங்க?"

"மூச்சு வாங்குது பொறியாளரே. நுரையீரல்ல தண்ணி சேர்ந்துடுச்சாம். வேகமாப் போக ஒரு அனுமதி மட்டும் குடுத்தா..."

"தைரியமாச் சொல்லுங்க அவங்ககிட்ட. உங்க காராலதான் நாட்டிலேயே முதல் தடவையா முன்பக்கத்துக்கு ஒரு வரையறை வரப்போகுது. சாதாரண விஷயமா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

ஒடாலிஸ் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், மூன்றாவது தடவையாக எஞ்சின் சூடேறி நின்றபோது, ஒனேலியோ வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கப் போனான். திரும்பி வந்து ரேடியேட்டரில் ஊற்றினான், மூடியைத் திருகினான், ஏறி உட்கார்ந்து "போலாமா கிழவி?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் எஞ்சினைக் கிளப்பி ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டுதான் போனான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சவ வண்டி இன்னும் ஆணையத்தின் முற்றத்தில்தான் நின்றது. நகரத்தில் சட்டப்படி ஓடக்கூடிய தனியார் கார் ஒன்றே ஒன்று. அதன் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வைத்தோம். பெட்டி நீளம் என்பதால் டிக்கிப் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் தலை வைப்பது என்று ஆட்கள் கேட்டார்கள்.

"முன்னாடி பார்த்த மாதிரி வைங்க. கண்ணாடி வழியாத் தெரியட்டும்" என்றான் ஒனேலியோ.

அந்தக் காரின் ஒரே முன் கியர் சவ ஊர்வலத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. யாரும் வேகமாக நடக்க வேண்டியிருக்கவில்லை, யாரும் பின்தங்கவும் இல்லை. எஞ்சின் சூடேறி நின்ற இடங்களில் எல்லோரும் நிழலில் நின்றோம். தாமதமாக வந்து சேர்ந்த ஒரு கிழவர், பழக்கதோஷத்தில், "கடைசி யாரு?" என்று கேட்டுவிட்டார். யாரோ கையைத் தூக்கினார்கள். அவர் போய் அந்தக் கைக்குப் பின்னால் நின்றார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆணையத்தின் ஜீப் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. ரொட்டி வண்டி எஞ்சின், சத்தமே இல்லாமல். பெலார்மினோ கறுப்புக் கைப்பட்டை கட்டியிருந்தார். ஒனேலியோவைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது, நான் பார்த்தேன். பிறகு யுஸ்மாரியிடம் கையை நீட்டினார். அவள் கண்ணாடி போட்ட, நல்ல மரச்சட்டம் அடித்த ஒரு சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள்.

"தோழர்களே, துக்கமான நேரம்தான். ஆனாலும் இந்த நேரத்திலும் ஒரு நல்ல செய்தி இருக்கு" என்றார். "நேத்து ராத்திரி கூட்டுக்குழு ஒரு முடிவுக்கு வந்துடுச்சு. சவ ஊர்தி வகையில இந்தக் காருக்கு முழு அங்கீகாரம்! வேகம், நடை வேகம். திசை, முன்னோக்கி. பயணி ஒருத்தர், அவர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தாலும் ஆட்சேபம் இல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், பயன்பாடு, மூணும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தியிருக்கு. இப்படி ஒரு முழுமையான பொருத்தத்தை என் வாழ்க்கையில நான் பார்த்ததில்ல. தோழர் ஒடாலிஸுக்கு இதைவிட என்ன அஞ்சலி வேணும்?"

சிலர் பழக்கத்தில் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

ஒனேலியோ சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முழுவதையும் படித்தான். அந்தக் காருக்குக் கைப்பிரேக் கிடையாது, வாசலோ சரிவில் இருந்தது. குனிந்து, மரச்சட்டத்தைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, காலால் ஒரு உதை உதைத்து இறுக்கினான். கண்ணாடி நொறுங்கியது. "சட்டம் நல்ல மரம்" என்றான். பிறகு பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல வேலியோரம் நாற்காலியைப் போட்டேன். வரிசை எப்போதையும்விட நீளம். சவ ஊர்தி வகையில் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கிறது என்று பேச்சு பரவியிருந்தது. எட்டு மணிக்குப் பொறியாளர் பெலார்மினோ வந்து, எப்போதும் போல என் முன்னால் கையை நீட்டினார்.

நான் தெர்மோஸை மூடினேன்.

"காப்பி இருக்கு, பொறியாளரே. கோப்பையும் இருக்கு. ரெண்டும் பொருந்துதான்னு இன்னும் சான்று வரல. பொருந்தாததை எப்படி நான் உங்க கையில குடுப்பேன்?"

பெலார்மினோ கோப்பையைப் பார்த்தார். தெர்மோஸைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரிப்பார் என்றும் நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ சொல்றதும் சரிதான் சோய்லா" என்றார். "அதுக்கு விண்ணப்பத்தை எந்த ஜன்னல்ல குடுக்கணும்?"